பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஒரு தாய்மாமன்

புவனேந்திரன் அண்ணையோடு எங்கேயாவது போவதென்றால் கொஞ்சம் முன்னதாகவே புறப்பட வேண்டும். வழியெல்லாம் அவர் கேள்வி கேட்பார். ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற டுசல்டோர்ஃபில் ட்ராம் ஓட்டுபவரிடம், மணியைக் காலால் மிதிப்பதா கையால் அமுக்குவதா என்று கேட்டிருக்கிறார். பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடியே, உங்களுடைய பல்லை யார் பார்ப்பார் என்று கேட்டிருக்கிறார். கோவில் நிர்வாக சபைக் கூட்டத்தில் இவர் எழுந்து நின்றால் தலைவர் தண்ணீர்ப் போத்தலைத் தேடுவார். மனிதரிடம் குத்தலும் இல்லை, குதர்க்கமும் இல்லை. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். ஆனால் பதில் கிடைக்கும்வரை விடமாட்டார்.

நானும் அவரும் ஒரே வைத்தியசாலைச் சமையலறையில் வேலை செய்தோம். நான் பாத்திரம் கழுவும் இயந்திரத்தடியில் நிற்பேன். அவர் நோயாளிகளின் தட்டுகளை நிரப்பும் வரிசையில் நிற்பார். தட்டோடு வரும் சீட்டில் உப்பில்லாமல் என்று இருந்தால், அந்த ஆளுக்கு என்ன வருத்தம், திரும்ப எப்போது உப்புச் சேர்க்கலாம் என்று மேற்பார்வைப் பெண்ணிடம் விசாரிப்பார். அவள் பொறுமைசாலி. "ஹெர் புவனேந்திரன், தயவுசெய்து கிழங்கை மட்டும் வையுங்கள்" என்பாள். அவர்மேல் எனக்கு எரிச்சல் வராத நாள் குறைவு. அவர் லீவில் நிற்கிற நாளில் வேலை முடிவதே இல்லை என்பதும் உண்மை.

இப்படிக் கேட்கிற மனிதர் 2004இல் பிரித்தானியப் பாராளுமன்றம்வரை போய்க் கேள்வி கேட்டார். அந்தக் கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை.

அவருடைய ஒரே தங்கை கமலநாயகி இலண்டனில் இருந்தார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவருடைய மகள் சயந்தினிக்குக் கல்யாணம் சரிவந்து ஆவணி மாதத்தில் நாளும் வைத்தாயிற்று. தகப்பன் இல்லாத பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் தாய்மாமன். பெற்ற தாய் கைம்பெண் என்பதால் அவர் மணவறையில் இருக்கக்கூடாதாம். அந்த வழக்கத்தோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு. நான் வேதக்காரன், கிறிஸ்தவனின் சண்டையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆக, அண்ணையும் அவர் மனைவி நேசமலர் அக்காவும் மணவறையில் அமர வேண்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தாரை வார்த்துக் கொடுக்க அவர்களுக்கு வாய்த்த ஒரே பிள்ளை சயந்தினிதான். நேசமலர் அக்கா சேலை வாங்கி, அதற்குச் சட்டையும் தைத்து, அலுமாரியில் தொங்கவிட்டிருந்தார்.

இடையில் நின்றது ஒரு நீலப் புத்தகம். எண்பத்தைந்தில் கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, பேர்லினின் மேற்குப் பக்கம் கடந்து, பிறகு எங்கள் பக்கம் வந்து அகதி அந்தஸ்து எடுத்தவர் அண்ணை. அதற்குக் கொடுத்த பயணப் புத்தகம்தான் இன்னும் கையில். ஜெர்மன் குடியுரிமை எடுங்கோ என்றால் "வாற வருசம் அன்ராக் போடுவம்" என்பார். விண்ணப்பம் போடுகிற அந்த வருசம் வரவே இல்லை. முன்பென்றால் அந்த நீலப் புத்தகத்தோடு விசா இல்லாமலே பேருந்தில் ஏறி இலண்டன் போய்வரலாம். கல்யாணத்துக்கு முதல் வருடம் பிரித்தானியா அந்தக் கதவைச் சாத்திவிட்டது. மாசியிலேயே இருவரும் விசாவுக்கு விண்ணப்பித்தார்கள். சித்திரையும் போய் வைகாசியும் வந்தது. பரிசீலனையில் இருக்கிறது என்பதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.

கமலநாயகி சும்மா இருக்கவில்லை. தன் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய் அழுதார். எம்.பி.யின் உதவியாளரான ஒரு பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எம்.பி. விசாக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுவார், அதைவிட, பாராளுமன்றத்தில் மந்திரிக்கு எழுத்துமூலக் கேள்வி ஒன்றும் போடலாம் என்றாள். கேள்வியும் பதிலும் அச்சில் வருமாம். இணையத்தில் யாரும் வாசிக்கலாமாம்.

மறுநாள் வேலைக்கு வந்த அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஜேசு, மந்திரி கட்டாயம் பதில் சொல்லவேணுமாம்."

"சொல்லாட்டி?"

"சொல்லாமல் விட ஏலாதாம். அது அங்கை முறையாம்."

வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. அன்றைக்குக் கிழங்கு எல்லாத் தட்டிலும் இரண்டு மடங்கு போனது.

கேள்வியை அவர் தமிழில் எழுதினார். சயந்தினி ஆங்கிலத்தில் ஆக்கி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் பிரதி நாலு பக்கம். மதிப்புக்குரிய மந்திரி அவர்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டும் என்று தொடங்கி, தாங்கள் ஊரைவிட்டு வந்த காரணம், ஷோனெஃபெல்ட்டில் இறங்கியபோது பெய்த மழை, மச்சான் இறந்த விதம், மாப்பிள்ளையின் படிப்பு எல்லாம் சொல்லி, கடைசி வரியில்தான் விசா வந்தது. அதுவும் கேள்வியாக இல்லை. தாங்கள் கருணை வைத்தால் நடக்கும் என்று இருந்தது.

உதவியாளரிடமிருந்து பதில் வந்தது. கேள்வி ஒரே வசனமாக இருக்க வேண்டும். கதை கூடாது. ஒருவருடைய பெயரும் கூடாது. அமைச்சு என்ன செய்கிறது, எத்தனை, எப்போது என்றுதான் கேட்கலாம்.

பெயர் கூடாது என்பதுதான் அண்ணைக்குப் பிடிபடவில்லை. "என்ரை பேர் இல்லாட்டி, மந்திரிக்கு ஆரைப் பற்றிக் கேக்கிறம் எண்டு எப்பிடி விளங்கும்?" என்று என்னைக் கேட்டார். நீங்கள் மட்டுமில்லை அண்ணை, உங்களைப்போல நிற்கிற எல்லாருக்குமாகத்தான் கேட்கிறார்கள் என்று சொன்னேன். கையிலிருந்த தட்டை நிரப்பி அனுப்பினார். பிறகு, அதுவும் நல்லதுதான் என்றார். இடைவேளைக்கு இடைவேளை உட்கார்ந்து வெட்டினோம். மழையை வெட்டும்போது மட்டும் அவருக்கு மனமில்லை. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: ஜெர்மனியிலிருந்து அகதிப் பயணப் புத்தகத்தோடு விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்கு மேலாக விசாவுக்குக் காத்திருக்கிறார்கள்?

ஆனி மாதத்தில் கேள்வி பாராளுமன்ற இணையப்பக்கத்தில் வந்தது. அண்ணை என் வீட்டுக் கணினியில் பார்த்துவிட்டு, இன்னொருதரம் காட்டு, இன்னொருதரம் காட்டு என்று என்னை எழும்பவே விடவில்லை. எம்.பி.யின் பெயருக்குக் கீழே தன்னுடைய வசனத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் செய்தி பரவி, சனம் அவரைச் சூழ்ந்துகொண்டது. எனக்கும் ஒரு கேள்வி போடுங்கோ அண்ணை என்று ஆள்மாறி ஆள் கேட்டார்களாம். ஒருவர் அர்ச்சனைக்குக் கொடுப்பதுபோல பெயர், நட்சத்திரம் எல்லாம் எழுதிக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். "பேர் போட ஏலாது, எல்லாருக்கும் பொதுவாத்தான் கேக்கலாம்" என்று அண்ணை அனுபவசாலியின் தொனியில் விளங்கப்படுத்தினாராம். நேசமலர் அக்கா எனக்கு இதைச் சொல்லும்போது சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது.

முதலில், விரைவில் பதில் அளிப்பேன் என்று மந்திரி பதில் அளித்தார். அதையே அண்ணை நல்ல சகுனமாக எடுத்தார். கோடை விடுமுறைக்குப் பாராளுமன்றம் மூடுவதற்குச் சற்று முன்னால் உண்மைப் பதில் வந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்ட விபரம் அந்த வடிவில் தொகுக்கப்படவில்லை, அதைத் திரட்டுவதென்றால் அளவுக்கு மிஞ்சிய செலவாகும் என்று இருந்தது. அவ்வளவுதான் பதில். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அண்ணை கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. "எவ்வளவு செலவாகும் எண்டு பாத்த நேரம், எங்களை எண்ணியிருக்கலாம்" என்றார். நேசமலர் அக்கா தேத்தண்ணி போடப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். எம்.பி. எழுதிய கடிதத்துக்கும் பதில் வரவில்லை. இனிப் பாராளுமன்றம் புரட்டாதியில்தான் கூடும். கல்யாணமோ ஆவணியில்.

அந்த நேரம் இலண்டனிலிருந்து சயந்தினி போன் பண்ணினாள். பதிலை அவளும் வாசித்திருந்தாள். அண்ணை தொலைபேசியைச் சத்தமாகப் போட்டார்.

"மாமா, அந்தப் பாராளுமன்றத்தை இனி விடுங்கோ. எம்.பி.யைக் கேட்டியள், மந்திரியைக் கேட்டியள். எங்களை ஏன் கேக்கேல்லை?"

"உங்களை என்னத்தைக் கேக்கிறது?"

"கலியாணத்தை அங்கை கொண்டுவாங்கோ எண்டு. எங்களிட்டை பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கு. மாப்பிள்ளை வீட்டாரிட்டையும் இருக்கு. எங்களுக்கு வாறதுக்கு விசா வேண்டாமே."

வாசிக்கிற உங்களுக்கு இது எப்போதோ தோன்றியிருக்கும். எங்களுக்கும் தோன்றாமல் இல்லை. சமையலறை வாசலுக்கு வந்த நேசமலர் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது, அவர் இதைப் பலநாள் நினைத்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆனால் எங்களவரில் மூத்த அண்ணன் என்றால் கொடுக்கிறவன். தங்கையிடம் போய், என் வசதிக்கு உன் பிள்ளையின் கல்யாணத்தை மாற்று என்று எந்த அண்ணன் கேட்பான்? சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள்? ட்ராம்காரனையும் பல் வைத்தியரையும் கேட்கிற வாய் அங்கே மட்டும் திறக்காது.

"அது சரியில்லைப் பிள்ளை," என்றார். "அண்ணன் எண்டவன் கேக்கிற விசயம் இல்லை இது. கொம்மாவே ஒண்டும் சொல்லேல்லை."

"அம்மா எப்பிடிச் சொல்லுறது? தானாச் சொன்னால், அண்ணையாலை வர ஏலாது எண்டு முடிவு கட்டின மாதிரிப் போயிடுமாம். நீங்கள் கேக்கட்டும் எண்டு இருக்கிறா. நீங்கள் கேக்காட்டி ஆரோ ஒரு தூரத்துச் சித்தப்பாதான் என்னைத் தாரை வாக்கப்போறார். எனக்கு அந்தாளின்ரை பேரும் தெரியாது."

அண்ணை கதிரையைவிட்டு எழும்பினார். கூட்டத்தில் எழும்புவதுபோல எழும்பினார், ஆனால் பேச வரவில்லை. நேசமலர் அக்கா வந்து பக்கத்தில் நின்று, கேளுங்கோவன் என்று மெதுவாகச் சொன்னார்.

"கொம்மாவிட்டைக் குடு," என்றார்.

கமலநாயகி வந்தார். அண்ணையின் குரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரல்போல இருந்தது.

"கமலா, கலியாணத்தை இஞ்சை வைப்பமோ?"

மறுபக்கம் அழுகைதான் கேட்டது. அதற்குள்ளே ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்பது இரண்டு தரம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்த ஓட்டத்தை எழுதினால் பக்கம் போதாது. இலண்டன் மண்டபத்தை வரவேற்புக்கு வைத்துக்கொண்டு, தாலிகட்டை டுசல்டோர்ஃபுக்குக் கொண்டுவந்தார்கள். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருக்க, அவர்கள் ஒரு பேருந்தைப் பிடித்து, கப்பலேறி, பாட்டுப் பாடிக்கொண்டு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய் இறங்கியதும் முதல் கேட்டது ரைன் நதி எந்தப் பக்கம் என்று. அவரை அண்ணைக்கு நன்றாகப் பிடித்துப்போனது.

எங்கள் சமையலறையிலிருந்து மேற்பார்வைப் பெண்ணும் வந்தாள். மணவறையில் அண்ணை வேட்டியோடு, நேசமலர் அக்கா அந்தச் சேலையோடு அமர்ந்திருந்தார்கள். சயந்தினியின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, அக்கா செம்பால் நீர் வார்க்க, ஐயர் சொல்லச் சொல்ல அண்ணை திருப்பிச் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. ஐயர் அதே வரியை மறுபடியும் சொல்லிக் கொடுத்தார். மண்டபத்தின் கரையில் நின்ற கமலநாயகியை ஒருவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மணவறையையே பார்த்தபடி இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

விசா கார்த்திகையில் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அண்ணை என்னை விடமாட்டார்.

கல்யாணச் சாப்பாட்டில் அவருக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். கமலநாயகி தானே சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் பரிமாறி வந்தார். அண்ணைக்கு முன்னால் வந்ததும் அகப்பை அப்படியே நின்றது.

"அண்ணை, நீங்கள் வெளிநாடு வந்த நாளிலையிருந்து எனக்குத் தந்துகொண்டுதான் இருந்தனீங்கள். இவர் செத்த நேரமும் நீங்கள்தான் ஓடி வந்தனீங்கள். ஒருநாளும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. இவளிட்டைக் கேட்டு என்னத்தைக் காணப்போறன் எண்டுதான் நீங்கள் நினைக்கிறியள் எண்டு நான் இருந்திட்டன்."

அண்ணை அவரை அண்ணாந்து பார்த்தார். எனக்கு அடுத்த பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. தங்கை இத்தனை வருடம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அவருடைய தட்டில் சோறு பாதிக்குமேல் அப்படியே இருந்தது. அதை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் செய்தார்.

"கொஞ்சம் சோறு போடு பிள்ளை," என்றார்.