நித்திரை என்றொரு சொல்

ஞானசிகாமணிக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் கொடுத்த பதவியின் பெயர் சாப்ளின். அறைக் கதவில் அந்தப் பெயர்ப்பலகையை மாட்டிய அன்று வாட்ச்மேன் சுடலை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "ஏன் சார், அந்தச் சின்ன மீசையும் தொப்பியும் எங்கன?" என்று கேட்டான். நோயாளிகளோடு உட்கார்ந்து அவர்கள் மனசில் இருப்பதைக் கேட்கிற வேலை, வேண்டும் என்பவர்களுக்காக ஜெபமும் செய்கிற வேலை என்று அவர் விளக்கினார்.

"அப்ப ஜெபய்யான்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதான? எதுக்கு இம்புட்டுச் சுத்து?" என்றான் சுடலை. பலகை மாறவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி முழுக்க ஜெபய்யா என்ற பெயர்தான் நிலைத்தது.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே ரோட்டோரம் இருக்கிற ஆஸ்பத்திரி அது. மற்ற வார்டுகளில் குழந்தை பிறந்து மிட்டாய் கொடுப்பார்கள், கட்டுப் பிரித்து வீட்டுக்குப் போவார்கள். ஜெபய்யா பெரும்பாலும் இருப்பது தீக்காய வார்டில். கட்டில்களில் வாழையிலை விரித்திருக்கும். உடம்பில் துணி படாமலிருக்க மேலே கம்பிக் கூண்டு வைத்து அதன்மேல் வெள்ளைப் போர்வை போட்டிருக்கும். எவ்வளவு மருந்து தெளித்தாலும் கருகிய முடியின் வாடை அந்தச் சுவர்களை விட்டுப் போகாது. புதிதாக வேலைக்கு வருகிற நர்ஸ் பெண்கள் சோறு இறங்காமல் தவிப்பார்கள். ஜெபய்யாவுக்கும் ஆரம்பத்தில் இறங்கவில்லை.

சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தார். மனைவி கிருபை காலமான பிறகு, ஆளில்லாத வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தார். வந்த புதிதில், "மதம் மாத்த வந்துட்டாருடோய்" என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்கள். யாரும் கேட்காமல் அவர் வேதப் புத்தகத்தைத் திறந்ததில்லை. இருக்கன்குடி மாரியம்மன் திருநீறு வேண்டுமென்று ஒரு கிழவர் அழுதபோது, உறவுக்காரர்கள் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து அவர் நெற்றியில் தானே பூசிவிட்டார். அது சபைக் கமிட்டி வரை போனது. "திருநீறு பூசுற சாப்ளினை இப்பத்தான்யா பாக்கோம்" என்று கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம் உண்டு. சாகப்போகிறவரிடம் பொய் சொல்ல மாட்டார். வேலைக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு இளைஞனிடம், "ஒண்ணும் ஆகாதுப்பா, பிழைச்சுருவ" என்று சொல்லிவிட்டார். அவன் அதை நம்பி, அம்மாவுக்குத் தகவல் சொல்ல வேண்டாம், பயந்துருவா என்று தடுத்துவிட்டான். மகன் போன பிறகு ஓடிவந்த அந்தத் தாய் வராந்தாவில் நின்று, ‘எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?’ என்று கேட்ட கேள்வி இன்றைக்கும் அவர் காதில் இருக்கிறது. அன்றோடு பொய் முடிந்தது.

அந்தப் பிடிவாதத்துக்குச் சோதனையாக வந்து சேர்ந்தாள் மாரித்தாய்.

ஆடி மாதம். தீபாவளி ஆர்டர் குவிகிற சீசன். ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்குகிற ரூமில் உராய்வில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர் பாண்டிராஜ். அவர் மனைவி மாரித்தாய் அடுத்த ரூமில் இருந்தாள். எல்லாரும் வெளியே ஓடினார்கள். அவளும் ஓடியிருந்தால் பிழைத்திருப்பாள். பாவி மகள், புருஷனை இழுத்து வருகிறேன் என்று நெருப்புக்குள் ஓடினாள். இழுத்தும் வந்துவிட்டாள்! ஆனால் இழுபட்டவரும் மிஞ்சப் போவதில்லை, இழுத்தவளும் மிஞ்சப் போவதில்லை என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

மறுநாள் விடியும் நேரத்தில் பாண்டிராஜ் போய்விட்டார். ஜெபய்யா பக்கத்தில்தான் இருந்தார். பெண்கள் பகுதியில், ஒரு சுவருக்கு அந்தப்புறம் கிடந்த மாரித்தாய்க்கு எதுவும் தெரியாது. பாண்டிராஜின் அண்ணன் பெத்தணன் வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"ஒரு பொம்பளையும் ஒப்பாரி வைக்கக் கூடாது. சத்தம் அவ காதுல விழுந்துச்சு, அந்தானைக்கு உசுரு நின்னுரும். ஏலே, அந்தக் கிழவி வாயைப் பொத்துலே!"

பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். துக்கத்துக்கு வாய்விட்டு அழக்கூட விதியில்லாத ஜனங்கள்!

காலை ரவுண்டு முடிந்து ஜெபய்யா மாரித்தாயின் கட்டிலுக்குப் போனார். முகத்தில் கண்ணும் நெற்றியில் கொஞ்சமும்தான் நெருப்பு விட்டுவைத்திருந்தது. இரண்டு கைகளும் துணிக்கட்டுக்குள் பொதிந்து கிடந்தன. புகை குடித்த குரல் கரகரத்தது.

"ஜெபய்யா, எல்லாரும் மழுப்புறாக. நீங்க பொய் சொல்ல மாட்டீகன்னு நர்சம்மா சொல்லுச்சு. எங்க வீட்டுக்காரக எப்பிடி இருக்காக?"

அவர் குனிந்தார். பிறந்ததிலிருந்து சபைக்குள் வளர்ந்த நாக்கு அவருடையது. அவர் வீட்டில் யாரும் செத்ததில்லை. அப்பா நித்திரையடைந்தார், அம்மா நித்திரையடைந்தாள், கிருபையும் நித்திரையடைந்தாள். சாவுச் செய்தி என்றாலே அந்த நாக்குக்கு வருகிற சொல் அதுதான்.

"நித்திரையடைஞ்சிட்டாரும்மா. சமாதானமா நித்திரையடைஞ்சிட்டாரு."

மாரித்தாய் அவரையே பார்த்தாள். வெடித்த உதடுகள் மெல்ல விரிந்தன. சிரிக்கிறாள்!

"தூங்குறாகளா? அம்மா தாயே! தூங்கட்டும், எழுப்பிராதீக. சீசன் ஆரம்பிச்சதுல இருந்து அந்த மனுசன் கண்ணசரல. தூங்குனா ஒரு குறட்டை போடுவாக பாருங்க, தெருவே எந்திரிக்கும். ஏன் ஐயா, இங்கன வரைக்கும் கேக்கலையே? ஆஸ்பத்திரின்னு கூச்சப்பட்டுத் தூங்குறாக போல!"

தவறு அந்தக் கணமே அவருக்குப் புரிந்துவிட்டது. இல்லையம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"நர்சம்மா, எனக்கு ஒரு பொட்டு வச்சு விடுங்க. அவுக முழிச்சு வந்து பாக்கையில வெறும் நெத்தியா இருக்கக் கூடாது."

நர்ஸ் பிரீத்தி விஷயம் தெரிந்தவள். ஜெபய்யாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் நெற்றியில் இருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து, மாரித்தாயின் நெற்றியில் நெருப்புப் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, மருந்து எடுக்கப் போவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

"இனி எனக்கென்ன ஐயா கவலை?" என்றாள் மாரித்தாய். "நான் போனாலும் ஓவியாவுக்கு அப்பா இருக்காக. அவளைப் படிக்க வச்சிருவாக."

ஜெபய்யா எழுந்து வராந்தாவுக்கு வந்தார். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் குருவம்மாள், மாரித்தாயின் தங்கை. ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள்.

"எங்க அக்காகிட்ட என்ன ஐயா சொன்னீக?"

"உள்ளதைத்தாம்மா சொன்னேன். எங்க சபையில ஒருத்தர் இறந்துட்டா அப்படித்தான்…"

"உங்க கோயில்ல அப்பிடி. எங்க தெருவுல தூங்குறான்னா தூங்குறான். செத்தான்னா செத்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குருவம்மாள் விடவில்லை.

"பொட்டு வச்சு அழகு பாக்கவா ஐயா நேரம்? இங்கன ஒரு பிள்ளை நிக்குது, அதைப் பாருங்க. அப்பன் போயிட்டா பிள்ளை அப்பன் வகைக்குத்தான். பெத்தவ தன் வாயால சொல்லி, சாதிசனம் பாக்கப் பிள்ளை கையைப் புடிச்சு இன்னாரு கையில குடுத்தாத்தான் அந்தச் சொல்லை மீற மாட்டாக. அவருதான் இருக்காரேன்னு அக்கா நிம்மதியா கிடக்கா. இப்பிடியே போயிட்டா, பிள்ளை பெரியப்பன் வீட்டுக்குப் போகும். அங்கன அவரு மக்கமாரு ரெண்டும் எட்டாப்போட நின்னுட்டு வீட்டுக்குள்ளயே வெடிச்சரம் பின்னுதுக. இவ பன்னெண்டாப்பு. உங்க ஆஸ்பத்திரி நர்சம்மா மாதிரி ஆகணும்னு கிடக்கா."

சற்றுத் தள்ளி, தூணில் சாய்ந்து நின்றாள் ஓவியா. பள்ளிக்கூடத்துச் சுடிதாரைக்கூட மாற்றவில்லை.

"என்ன அங்கன குசுகுசுப்பு?" என்று வந்துவிட்டார் பெத்தணன். "ஏ குருவம்மா, எங்க வீட்டுப் பிள்ளைக்கு நீ என்ன பஞ்சாயத்து?"

"உங்க வீட்டுப் பிள்ளைதான். எங்க அக்கா வயித்துல கிடந்த பிள்ளை."

பெத்தணன் அவளை விட்டு ஜெபய்யாவின் பக்கம் திரும்பினார். குரல் உடைந்தது.

"ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன். சொல்லிராதீக. பிள்ளையை நான் பட்டினியா போட்டுருவேன்? இவ எந்தம்பிக்காக நெருப்புக்குள்ள போனவ. பூவும் பொட்டுமா போகட்டும். தாலி அறுத்தவளா போகணுமா ஐயா அவ?"

அதில் பொய் இல்லை. அந்த மனிதரின் கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. ஒருபக்கம் ஒரு தாயின் கடைசி நேரத்துச் சந்தோஷம். மறுபக்கம் ஒரு மகளின் வாழ்வு முழுவதும். இரண்டையும் தன் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டுவிட்டோமே என்று ஜெபய்யாவுக்கு உறைத்தது.

பிரீத்தி எட்டிப் பார்த்தாள். "சார், மூச்சு மாறுது."

அவர் உள்ளே போனார். பெத்தணன் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்தார். அவர் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"மாரித்தாயி, காலையில நான் சொன்னது உனக்கு வேற மாதிரி விளங்கிருச்சும்மா. குத்தம் என்மேலதான். பாண்டிராஜ் தூங்கலை. செத்துப் போயிட்டாரு."

எந்தக் கட்டிலருகிலும் அவர் உச்சரித்திராத வார்த்தை அது. கல்லைத் துப்பியதுபோல விழுந்தது.

மாரித்தாயின் கண்கள் அசையவில்லை. "எப்ப?"

"விடியக்காலையில."

"அப்ப இம்புட்டு நேரம் செத்த மனுசனுக்கா பொட்டு வச்சுக்கிட்டுக் கிடந்தேன்?"

அவர் ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"ஒத்தையிலயா போனாக?"

"இல்லம்மா. நான் பக்கத்துல இருந்தேன். மாரித்தாயி வெளிய வந்துட்டாளான்னு கேட்டாரு. வந்துட்டான்னு சொன்னேன். அதுக்குப் பெறகு பேசலை."

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. அழுவதற்கான தெம்பையும் நெருப்பு தின்றிருந்தது. பிறகு, "அவுக அண்ணன் மச்சானைக் கூப்பிடுங்க. என் தங்கச்சி, பிள்ளை, வெளிய நிக்கிற சனம் எல்லாத்தையும் கூப்பிடுங்க" என்றாள்.

வார்டு விதியைப் பார்க்கிற நேரமில்லை. பிரீத்தி எல்லாரையும் முகக்கவசம் போடச் சொல்லி உள்ளே விட்டாள். ஓவியா கட்டிலருகே வந்தாள். மாரித்தாய் கையைத் தூக்கப் பார்த்தாள். துணிப்பொதி அசையவில்லை.

"புடிச்சுக் குடுக்கக் கையில்லையே தாயி… ஜெபய்யா, உங்க கையைக் குடுங்க. இது என் கை. எல்லாரும் பாத்துக்கிடுங்க."

"வேதக்காரரு கையா?" என்று பதறினார் பெத்தணன். "நம்ம சனத்துல இல்லாத வழக்கமா இருக்கே!"

"என் கையை நெருப்பு தின்னுருச்சு மச்சான். இருக்கிற கையாலதான குடுக்க முடியும்?"

பெத்தணன் விலகி நின்றார். ஜெபய்யா பாரம் படாமல் ஒரு கையை அவள் துணிக்கட்டின்மேல் வைத்தார். மறுகையால் ஓவியாவின் கையைப் பிடித்துக் குருவம்மாளின் கைக்குள் வைத்தார்.

"படிக்க வைக்கணும்டி. வெடிமருந்துப் பக்கம் இவ போகக் கூடாது. மச்சான், இது என் சொல்லு."

பெத்தணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

"இதை எடுத்துருங்க" என்று நெற்றியை நோக்கிக் கண்ணைக் காட்டினாள் மாரித்தாய். பிரீத்தி மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். குருவம்மாள்தான் எடுத்தாள். அதைப் பார்த்ததும், அதுவரை ஊரார் வாயையெல்லாம் பொத்திவைத்திருந்த பெத்தணன் தரையில் விழுந்து, "தம்பீ… எந்தம்பீ…" என்று கத்தினார். வெளியே நின்ற பெண்கள் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார்கள். அடக்கிவைத்த ஒப்பாரி முழுவதும் அந்தக் கட்டடத்தில் எழுந்தது. மாரித்தாய் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். பிறகு யாரோடும் பேசவில்லை. ஜெபய்யாவின் பக்கம் திரும்பவும் இல்லை. வெயில் இறங்குவதற்குள் அவளும் முடிந்தாள்.

புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஊருக்குள் ஒரே பாடையில்தான் கொண்டுபோனார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு, பாண்டிராஜோடு ஆலையிலிருந்து வந்திருந்த மாற்றுத்துணிப் பையை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பெத்தணனும் வந்திருந்தார். "சொல்லு சொல்லுதான். பிள்ளை உன்கூட வரட்டும்" என்று குருவம்மாளிடம் கசப்போடு சொல்லிவிட்டு, ஜெபய்யாவைப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார்.

ஓவியா மட்டும் அவர் அறைக்கு வந்தாள்.

"சித்தி வீட்டுக்குப் போறேன் சார். படிப்பேன்."

"நல்லா படிம்மா."

"அப்பா தூங்குறாகன்னு நீங்க சொன்னப்ப அம்மா சிரிச்சா. ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுக்குப் பெறகு அவ சிரிக்கவே இல்ல. அப்பிடியே விட்டிருந்தா சிரிச்சுக்கிட்டே போயிருப்பா. நீங்கதான் சிரிக்க வச்சீக. நீங்கதான் பறிச்சீக."

உனக்காகத்தானம்மா சொன்னேன் என்ற பதில் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உண்மையும் அதுதான். ஆனால் அதைச் சொன்னால், தாயின் கடைசிச் சிரிப்பைத் தின்றவள் தான்தான் என்று அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் சுமக்குமே! அவர் அந்த உண்மையை விழுங்கினார். நெஞ்சு எரிய எரிய விழுங்கினார்.

"ஆமாம்மா" என்றார். "நான்தான்."

ஓவியா அவரை வெறுப்போடு பார்த்தாள். வாசலில் குருவம்மாள் கூப்பிட்டாள். அப்பாவின் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் ஆமத்தூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.