ஏப்பம் வந்த பிறகு

ஓமத் தண்ணீர் வயிற்றுக்கு நல்லது. அதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை. ஜவ்வாது மலையில் எண்ணெய் காய்ச்சும் யூனிட் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இடித்த ஓமத்தை டேங்கில் கொட்டி, பாய்லரிலிருந்து ஸ்டீம் விட்டால், ஆவி குளிர்ந்து செப்பரேட்டரில் வந்து நிற்கும். மேலே மிதப்பது எண்ணெய். நாக்கில் பட்டாலே எரியும், அதை யாரும் அப்படியே குடிக்கக் கூடாது. அடியில் நிற்கும் தண்ணீரைத்தான் வேலையாட்கள் வயிற்று உப்புசத்துக்குக் குடிப்பார்கள். ஏப்பம் வரும், வயிறு லேசாகும்.

இதயத்துக்கும் நல்லதா என்று எங்கள் வாணியம்பாடி முதலாளி பாய் ஒரு டாக்டரைக் கேட்டார். "எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. மனுசனுக்கு இன்னும் உறுதியாத் தெரியாது" என்றார் அவர். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் விற்கும் பாய் அதை லேபிளில் போடவில்லை. ஆனால் மலையில் எல்லோரும் நம்பத்தான் செய்தார்கள்.

ஒரு நாள் காலை, டேங்க் பாதி ஓட்டத்தில் இருக்கும்போது, ஓமம் கொட்டும் சின்னப்பொண்ணு நெஞ்சுக்குழியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாய்லருக்கு விறகு போடும் வெள்ளையன் அவள் புருஷன். அவன் ஓடிப்போய் ஒரு டம்ளர் ஓமத் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தான். குடித்ததும் பெரிய ஏப்பம் வந்தது.

"வாயு பூட்ச்சிக்கா, ஒண்ணுமில்ல" என்று சிரித்தான்.

"இப்ப எப்பிடிடி இருக்குது?" என்று அவளைக் கேட்டேன்.

"தேவலாம்க்கா. கைதான் மரத்தாப்ல கீது."

பாய்லர் பக்கம் நிற்கும் எல்லோருக்கும் வியர்க்கும். அதனால் அவளை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. முதுகைத் தொட்டேன். ரவிக்கை தொப்பலாக நனைந்து, உடம்பு சில்லிட்டிருந்தது. வெளியே காற்றில் உட்கார வைத்தும் வியர்வை அடங்கவில்லை.

"யூனிட் ஜீப்ப எடுங்க" என்று கத்தினேன்.

"இன்னாக்கா, அதான் ஏப்பம் வந்துடுச்சே! டேங்க வுட்டுட்டுப் போனா சரக்கு பூடும்" என்றான் வெள்ளையன்.

திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே பாய்க்குப் போன் போட்டேன். "சரக்கு போனா போவுதும்மா. நெருப்ப அணைச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். அந்த மனுஷனை நான் தப்பாக எடைபோட்டு வைத்திருந்தேன்.

மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்ததும் மாத்திரை கொடுத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். "ஹார்ட் அட்டாக். சில பேருக்கு வயித்து வலி மாதிரிதான் வரும். ஏப்பம் விட்டா அடைப்பு போயிடாதுங்க."

வேலூருக்குக் கொண்டுபோய் அடைப்பை எடுத்தார்கள். சின்னப்பொண்ணு பிழைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்த வெள்ளையன் தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். "அதான் பொழச்சிக்கினாளே, இன்னும் ஏன்டா அழுவுற?" என்றேன்.

"எங்கப்பனுக்கும் இப்பிடித்தான் வந்துச்சுக்கா. நான்தான் இந்தத் தண்ணியக் குடுத்தேன். ஏப்பம் வந்துச்சு. வாயு பூட்ச்சின்னு படுக்க வெச்சிட்டு வேலைக்கி வந்துட்டேன். திரும்பிப் போய்ப் பாத்தா உசுரு இல்ல."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, அந்தத் தண்ணீர் வயிற்றைத் தேற்றும். இதயத்தின் வலியை வாயு என்று நம்பவும் வைக்கும். நெஞ்சோ மேல்வயிறோ வலித்து உடம்பு குளிர்ந்து வியர்த்தால், ஏப்பத்துக்குக் காத்திருக்காதீர்கள். வெள்ளையன் இன்றும் அதே பாய்லரில்தான் இருக்கிறான். யாராவது நெஞ்சைப் பிடித்தால் அவன் டம்ளரைத் தேடுவதில்லை, ஜீப்பை எடுக்கச் சொல்லிக் கத்துகிறான்.