தேங்காயெண்ணெய் மணத்த புஷ்

லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால், இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளாதபடி நடுவில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். புஷ் என்போம். குழித்துறைக்குப் பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் நடத்தும் சின்னக் கம்பெனியில் அதைத்தான் செய்கிறோம். ரப்பர் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வருகிறது.

எங்களிடம் வாங்கும் லாரி கம்பெனி வெளிநாடுகளிலும் லாரி செய்யத் தொடங்கியது. எந்த நாட்டில் செய்தாலும் ஒரு பாகத்தை ஒரே இடத்தில்தான் வாங்குவோம் என்றார்கள். கூட்டம் போட்டு, திரையில் உலகப் படமெல்லாம் காட்டினார்கள். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: சோதனையில் எங்கள் புஷ் தேறினால் எல்லா நாட்டுக்கும் நாங்கள், தேறாவிட்டால் இப்போதுள்ள ஆர்டரும் போச்சு, கம்பெனிக்குப் பூட்டு.

சோதிக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மேசையில் வைத்திருந்த புஷ்கள் புதுமாப்பிள்ளை தலைபோல மினுங்கின. எனக்கே பெருமை. அவர் ஒன்றை எடுத்துத் தடவினார். விரல் பிசுபிசுத்தது, முகம் சுருங்கியது. உள்ளிருந்து எண்ணெய் கசிகிறது, உங்கள் ரப்பர் கலவையே சரியில்லை என்று சொல்லிப் பையை மூடத் தொடங்கிவிட்டார்.

புஷ்ஷில் பிசிறு வெட்டும் அக்கா கத்தரியும் கையுமாக முன்னால் வந்தார்.

"சாரே, அது ரப்பருக்க உள்ளேருந்து வந்ததல்ல. நான் தேச்ச தேங்காயெண்ணெய். வெளிநாட்டுலருந்து ஆளு வாறாரே, பாக்க ஒரு லெட்சணமா இருக்கட்டும்னு தேச்சேன்."

விருந்தாள் வருகிறார் என்றால் மரக்கதவைக்கூட எண்ணெய் தொட்டு மினுக்குகிற வீடுகள் எங்களுடையவை. ஆனால் எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். அக்காவுக்கும் அது தெரியும், உற்சாகத்தில் மறந்துபோனார்.

வந்தவருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'யாரோ தேய்த்துவிட்டார்கள்' என்று பூசி மெழுகிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

வந்தவர் புஷ்ஷை மோந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்! அந்தச் சிரிப்புக்கு அவரை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கிய புஷ்களில் சிலவற்றைத் தன் கையாலேயே பொறுக்கி எடுத்துப்போனார்.

அவை தேறிவிட்டன என்று தகவல் வந்ததும் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

"நீங்க மட்டும் வாயத் தொறக்காம இருந்தா நாம எல்லாரும் இப்ப நடுத்தெருவுலதான் அக்கா."

"சும்மா இரி மக்கா. எண்ணெயத் தொடாம இருந்தா வாயத் தொறக்க வேண்டிய காரியமே இல்லியே" என்றார். பிறகு கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வேலை போயிரும்னு கூட நான் பயப்படல்ல. என்னையக் காப்பாத்துகேன்னு நீ இங்கிலீசுல மாத்திச் சொல்லிருவியோன்னுதான் பயந்தேன்" என்றார்.