கொக்கி

அந்தமான் போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட் என்ற பகுதியில் எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. ஏறும் படி குறுகல். என் தம்பி மார்ட்டினின் சக்கர நாற்காலி அதில் நுழையாது. அவன் கீழே இறங்க வேண்டுமென்றால் நான்தான் முதுகில் சுமக்க வேண்டும். கீழ்வீடு தேடாமல் இல்லை. சக்கர நாற்காலி என்று காதில் விழுந்ததுமே வீட்டுக்காரர்களுக்குத் தரை கீறிவிடுமே என்ற கவலை வந்துவிடுகிறது. நாசமாய்ப் போகட்டும் அவர்கள் தரை.

மார்ட்டின் சும்மா இருக்கிற பிறவியே இல்லை. மாயாபந்தர் படகுத்துறையில் ஒரு நாள், நாலு பேர் பார்க்கட்டும் என்று தலைகீழாகப் பாய்ந்தான். தண்ணீர் வற்றியிருந்ததை அவன் பார்க்கவில்லை. கழுத்தெலும்பு முறிந்தது. இப்போது கையைத் தூக்குவான், சக்கரத்தைத் தள்ளுவான். விரல்கள் எதையும் பிடிக்காது. சாயங்காலமானால் சன்னலோரம் உட்கார்ந்து முதலில் கத்துவான். பிறகு அம்மாவைக் கேலி பேசிச் சிரிப்பான். அதுவும் ஓய்ந்தபின் கண்ணை மூடிக்கொள்வான். கத்தும்போது எனக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். அவன் கண்ணை மூடினால்தான் பயம்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்தது சக்கர நாற்காலி ரக்பி. பந்தை மடியில் வைத்துக்கொண்டு எதிரணியின் கோட்டைத் தாண்டினால் கோல். நாற்காலியை நாற்காலியால் முட்டலாம், மோதலாம். மார்ட்டின் பந்தைத் தொடுவதே அபூர்வம். அவன் நாற்காலியின் முன்னால் இரும்புக் கம்பி ஒன்று கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். எதிரணியில் வேகமானவன் எவனோ, அவன் நாற்காலியில் அதை மாட்டி அசையவிடாமல் பிடித்து வைக்க வேண்டும்.

“மாட்டிக்கிட்டுக் கெடக்கது எப்படின்னு என்னவிட எவனுக்குண்ணே தெரியும்?” என்பான்.

அன்று போர்ட் பிளேர் உள்ளரங்கில் சர்வதேசப் போட்டியின் இறுதி ஆட்டம். எங்கள் தீவு அணிக்கு எதிரே தாய்லாந்து அணி. ஜெயித்தால் எங்கள் அணிக்கு மெயின்லேண்டில் ஒரு வருடப் பயிற்சி. தங்க இடம், துணைக்கு ஆள், முக்கியமாக லிஃப்ட்.

எனக்கும் அன்று ஒரு ஆசை இருந்தது. வடக்கே ஒரு நாள் பயணத் தூரத்திலிருக்கும் மாயாபந்தரில் ஈஸ்வரன் என்பவர் தன் படகுக்கு என்னைச் சரங்காகக் கூப்பிட்டிருந்தார். படகை ஓட்டும் முழுப் பொறுப்பும் சரங்குக்குத்தான். முன்பும் கூப்பிட்டவர்தான், தம்பியை யார் தூக்குவது என்று மறுத்துவிட்டேன். இந்த முறை, “சாயங்காலம் போன் பண்ணுவேன் தாமஸ், ஹான்னா ஹான், நைன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்” என்று முடிவாகச் சொல்லிவிட்டார். தம்பி ஜெயித்தால் நானும் போகலாம். இதை அவனிடம் மூச்சுவிடவில்லை. ஆடுகிறவன் தலையில் என் பாரத்தையும் ஏற்றுவானேன்?

கடைசி நிமிடம் வரை சமநிலை. மார்ட்டின் தாய்லாந்துக்காரர்களின் சூரனை, தங்க நிறத்தில் முடிக்குச் சாயமடித்திருந்த ஒருவனை, எல்லைக்கோட்டோரம் மாட்டி வைத்திருந்தான். “பகட் கே ரக்கோ, மார்ட்டின்!” என்று எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா தொண்டை கிழியக் கத்தினார். பிடி, விடாதே என்று நானும் கத்தினேன்.

அந்தத் தங்கமுடிக்காரன் முதலில் ஏதோ சொல்லித் திட்டினான். சக்கரத்தை முன்னும் பின்னும் உலுக்கினான். பிறகு மார்ட்டினைப் பார்த்துச் சிரித்தான். பிறகு கையை மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

இருக்கையைவிட்டு எழுந்துவிட்டேன். மார்ட்டினின் நாற்காலி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. தங்கமுடிக்காரன் கண் திறந்து பாய்ந்தான், பந்தை வாங்கினான், கோட்டைத் தாண்டினான். மணி அடித்தது.

வீடு வந்து சேர்ந்தோம். நாற்காலியைக் கீழே பூட்டிவிட்டு அவனை முதுகில் ஏற்றினேன். பாதிப் படியில்தான் கேட்டேன்.

“கம்பி நழுவிருச்சால?”

“நழுவலண்ணே. நாந்தான் சோட் தியா, விட்டுட்டேன்.”

“ஏம்ல?”

“கண்ண மூடிட்டாண்ணே. எனக்குத் தாங்கல. அவனாவது வெளிய போட்டும்னு இருந்துச்சு.”

அப்படியே நின்றுவிட்டேன். யாரோ ஊர் பேர் தெரியாதவனை விட்டுவிட்டானே பாவி என்று வந்த ஆத்திரத்தில் அவனைக் கீழே உதறிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது.

“யாருண்ணே? எடுக்கலியா?”

“ரெண்டு கையும் உன் காலப் புடிச்சிருக்குல்லா, எப்படி எடுக்க?”

“முக்கியமான போனா இருக்கப்போவுது.”

“ஒண்ணுமில்ல. சும்மா எவனாவது கூப்பிடுவான்.”

அடித்து அடித்து அது ஓய்ந்தது. விரல் பிடிக்காது என்பதால், மார்ட்டின் எப்போதும் இரண்டு மணிக்கட்டையும் என் கழுத்துக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக் கோத்துக்கொள்வான். கை சற்று நழுவியிருந்தது.

“நல்லா மாட்டிக்கோ” என்றேன்.

மாட்டிக்கொண்டான். மிச்சப் படிகளை ஏறினேன்.