சின்னத்தாயி தட்டிய சுளகு

கல்லல் ஊரில் மலையாண்டிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பூமிநாதன், இளையவள் சின்னத்தாயி. எட்டாம் வகுப்பில் இருக்கும்போது சின்னத்தாயி பெரியமனுஷி ஆனாள். தாய்மாமன் சீலை கொண்டுவந்து சடங்கு முடிந்த மறுநாள், அவளுடைய புத்தகப் பையை ஆத்தா பரணில் தூக்கிப் போட்டாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஊரில் எந்த வீட்டிலும் அதுதான் நடப்பு.

சின்னத்தாயிக்கு அழுகை வரவில்லை. ஆனால் காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது கையில் இருக்கும் வேலை எதுவானாலும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடக்கும்.

பூமிநாதன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினான். கணக்கு, சரித்திரம், தமிழ் எல்லாம் கரையேறிவிட்டன. இங்கிலீஷ் மட்டும் முழுகிப்போனது. மலையாண்டிக்கு மகன் கலப்பை பிடிக்கக் கூடாது என்ற ஒரே எண்ணம். காரைக்குடியில் ஒரு ஆலையின் ஆபீசில், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவனாக இருந்தால் கணக்கு எழுதச் சேர்த்துக்கொள்வதாக ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கு கெடுவதற்குள் பையன் தேறியாக வேண்டும். அதனால் ரயிலடிப் பக்கம் குடியிருந்த குழந்தைவேலு சாரை வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

சார் சாயங்காலம் வருவார். முன்கட்டுப் பட்டாசாலையில் பாய் விரித்து உட்காருவார். வேற்று ஆண்பிள்ளை வந்து உட்கார்ந்தால் சமைந்த பெண் அங்கே தலைகாட்டக் கூடாது. சின்னத்தாயி கதவுக்குப் பின்னால் உள்வீட்டில் சுளகை வைத்துக்கொண்டு அரிசி புடைப்பாள். கதவு ஒருக்களித்திருக்கும். அந்த இடுக்கு வழியாக அண்ணனின் முதுகும், சார் கையில் இருக்கும் ரூல்தடியும் தெரியும்.

சார் முதலில் வினைச்சொற்களை ஒப்பிக்கச் சொன்னார். கோ, வென்ட், கான். சீ, சா, சீன். ஈட், ஏட், ஈட்டன். பூமிநாதன் அதையெல்லாம் கோயில் கொட்டு மாதிரித் தாளம் தப்பாமல் சொல்லிவிடுவான். ஒரு வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்டால் போயிற்று. 'நேற்று அவன் ஊருக்குப் போனான்' என்பதைச் சொல்லச் சொன்னால், அந்த மூன்றில் எதை எடுப்பது என்று தெரியாமல், சந்தையில் மாட்டைப் பறிகொடுத்தவன் மாதிரி விழிப்பான். ஒருநாள் 'டிட் நாட் வென்ட்' என்று சொல்லிவிட்டான்.

"டிட்டு வந்த பெறகு வென்ட்டு எதுக்குடா? ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு தாலியா கட்டுவே?" என்றார் சார். சொல்லிக்கொண்டே ரூல்தடியின் விளிம்பால் முட்டியில் ஒன்று போட்டார்.

உள்ளே சின்னத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அது அவளுக்கு விளங்கியும் போனது. நடந்து முடிந்ததைச் சொல்லும் வேலையை டிட் எடுத்துக்கொண்டுவிட்டது, அதற்கப்புறம் அடுத்த சொல் தன் பாட்டுக்கு வெறுமனே நிற்கலாம், அவ்வளவுதான். மறுநாள் அடுப்படியில் அதையே போட்டுப் பார்த்துக்கொண்டாள். உலை கொதிக்கிறது. உலை கொதித்தது. உலை கொதித்திருக்கிறது. மூன்றாவதைச் சொல்லும்போது அடுப்பு அணைந்திருந்தாலும் பானை இன்னும் சுடும். அந்தச் சூடு இருக்கிற வரைக்கும் 'ஹேவ்' போட்டு கான் சொல்ல வேண்டும், ஆறிப்போய் நேற்று என்று ஆகிவிட்டால் வென்ட். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆத்தாவிடம் சொன்னால் பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு போடக் கூட்டிப்போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சார் ஏதோ கோபத்தில் வந்திருந்தார். பூமிநாதன் தப்புத் தப்பாகச் சொல்லச் சொல்ல அடி விழுந்துகொண்டே இருந்தது. இடுக்கு வழியாக அண்ணனுடைய காது மடல் சிவந்து துடிப்பது தெரிந்தது. சார் அடுத்த வாக்கியத்தைச் சொல்லி, தடியை ஓங்கிக்கொண்டு காத்திருந்தார். சின்னத்தாயியின் கை தானாகச் சுளகை இரண்டு தரம் தட்டியது.

"வென்ட்," என்றான் பூமிநாதன்.

தடி இறங்கிவிட்டது.

அன்று ராத்திரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் இடத்தில் அவன் பக்கத்தில் வந்து நின்றான். "நீதான தட்டுனே?"

"ஒரு தட்டுன்னா கோ. ரெண்டுன்னா வென்ட். மூணுன்னா கான். எந்தச் சொல்லுக்கும் அப்படித்தாண்ணே," என்றாள்.

அவனுக்குத் தெரிந்தது தாளம். அவளுக்குத் தெரிந்தது கணக்கு. இரண்டும் சேர்ந்ததும் பூமிநாதன் சாரின் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்ல ஆரம்பித்தான். சாருக்குச் சுளகுச் சத்தம் காதில் விழாமல் இல்லை. வீட்டுக்குள் பெண்பிள்ளை வேலை செய்கிற சத்தத்தை யார் கவனிக்கிறார்கள்? கிணற்றடியில் வாளி மோதும் சத்தம், காக்கா கத்தும் சத்தம், அதோடு அதுவும் ஒன்று. சார் தன் அடியின் மகிமை என்றே நினைத்தார். வரவர இன்னும் சிக்கலான வாக்கியங்களாகக் கொண்டுவந்தார். சின்னத்தாயி அதற்காகவே காத்திருந்தாள். புடைக்க அரிசி இல்லாத நாட்களில் புடைத்த அரிசியையே மறுபடி சுளகில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தைப்பொங்கல் கழிந்ததும் மலையாண்டிக்கு ஒரு யோசனை வந்தது. பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, தேவகோட்டையில் சின்னம்மா வீட்டில் தங்க வைத்து, அங்கே டுடோரியலில் சேர்த்துவிட்டால் என்ன என்று சாரிடமே கேட்டார். சார் வெற்றிலையை ஓரங்கட்டிவிட்டு, பையன் வாயைத் திறந்தால் தப்பு வருவதில்லை, இனி அங்கே போய் என்ன படிக்கப் போகிறான் என்றார். மலையாண்டி வெள்ளாமை பார்க்கிற சம்சாரி. எதையும் இரண்டு பேரிடம் கேட்காமல் நம்ப மாட்டார். சார் போன பிறகு உள்வீட்டுக்கு வந்து மகள் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"நீ தெனமும் உள்ளருந்து கேக்குறவ. பொய் சொல்லவும் மாட்டே. அண்ணன் தேறிட்டானா, இல்ல தேவகோட்டைக்கு அனுப்பவா?"

அண்ணன் தேவகோட்டைக்குப் போனால் சார் இந்த வீட்டுக்கு வர மாட்டார். அந்த ஒன்றுதான் முதலில் அவள் மனசில் வந்தது. அண்ணனைப் பற்றிய நினைப்பு அதற்குப் பின்னால்தான் வந்தது. முன்னால் வந்தது எது, பின்னால் வந்தது எது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிற்பாடு எத்தனையோ வருஷம் அதை மாற்றி அடுக்கிப் பார்த்தும் அது மாறவில்லை.

"அண்ணன் நல்லாச் சொல்றாகய்யா," என்றாள்.

மலையாண்டி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். தேவகோட்டைப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பரீட்சை மண்டபத்தில் சுளகு கிடையாது. முடிவு வந்த அன்று பூமிநாதன் விடியுமுன்பே ரயிலடிக்குப் போய்ப் பேப்பருக்காக நின்றான். திரும்பி வரும்போது பேப்பர் கையில் இல்லை. சார் அப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. நன்றாகப் படித்துவிட்டு மண்டபத்தில் பயந்துபோயிருப்பான், பயலுக்கு நெஞ்சுத் தைரியம் இல்லை என்று ரயிலடியில் சொன்னாராம். ஆலைக்காரர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். மலையாண்டி மகனைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் இரண்டு மண்வெட்டிகளை எடுத்து ஒன்றை அவனிடம் நீட்டினார்.

பூமிநாதன் தங்கச்சியின் பெயரை யாரிடமும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். ஆத்தா கையால் நாலு அடி வாங்கியிருப்பாள், கணக்குத் தீர்ந்திருக்கும். அவனோ, "உன்னாலதான் அந்தத் தடிக்குத் தப்புச்சேன்," என்று ஒருநாள் நன்றி சொன்னான். அன்றிலிருந்து அவள் அண்ணன் முகத்தை நேராகப் பார்க்காமல் சோறு போடப் பழகிக்கொண்டாள்.

ஒரு வருஷம் மண்வெட்டி பிடித்தான். பிறகு காரைக்குடி பஸ்ஸில் கிளீனராகப் போய், அப்படியே கண்டக்டரானான். சின்னத்தாயியை ஒக்கூரில் நாகநாதனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நாகநாதன் நஞ்சையும் புஞ்சையும் பார்த்துக்கொண்டு, கூட உரக்கடையும் வைத்திருந்தார். அதிகம் பேசாத மனுஷர். பொங்கலுக்குப் பொங்கல் பூமிநாதனே கரும்பும் பானையுமாகச் சீர் கொண்டுவருவான். வந்தால் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். பஸ்ஸில் நடந்த கதைகளையெல்லாம் சொல்லி அந்த மனுஷரையே சிரிக்க வைப்பான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் என்று நினைவு. பூமிநாதன் சீர் கொண்டுவரும் நாள் இல்லாத ஒரு நாளில் வந்தான். கக்கத்தில் ஒரு புது கிராமர் புத்தகம் இருந்தது. கண்டக்டராக இருப்பவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தால் டைம்கீப்பராக மேலே போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று நின்று அவனுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கும் கல்யாணமாகி வீட்டில் இரண்டு சிறுசுகள். இன்னும் எத்தனை வருஷம் இந்தக் காலை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆடிக்கொண்டே நிற்பது என்று கேட்டான். அந்த ஒரு இங்கிலீஷ் பேப்பரை மட்டும் எழுதினால் போதும்.

"ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே தாயி. நான் லீவு நாள்ல வாரேன். நீ சொல்லிக் குடு," என்றான்.

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டியதும் இல்லை. இது அவள் வீடு. எதிரில் உட்காரலாம். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துப் பிரித்தாள். புதுத்தாள் வாசனை. நடுநடுவே கோடு போட்டு இடம் விட்ட வாக்கியங்கள். முதல் வாக்கியத்தை அவனை வாசிக்கச் சொன்னாள். வாசித்துக்கொண்டே வந்தவன் கோடு போட்ட இடத்தில் நின்றான். அவன் கண் புத்தகத்தில் இல்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் விரல் மடியில் அசைந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமலே அசைந்தது. அண்ணன் உடனே விடையைச் சொன்னான். சரியான விடை.

புத்தகத்தை மூடினாள். தன்னால் ஆகாது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அண்ணன் தேடிக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க அவளுக்கு வராது. பழையபடி இவள் படிப்பாள், அவன் தோற்பான்.

"எனக்கு மறந்துபோச்சுண்ணே. நீங்க தேவகோட்டை டுடோரியல்ல சேந்துருங்க."

"இப்பச் சரியாச் சொன்னேன்ல? மறந்துபோனவளா கைய ஆட்டுனே?"

"எனக்கு முடியாதுண்ணே."

"மீசை மொளைக்காத பயலுக கூடப் போயி பெஞ்சில உக்காரச் சொல்றே."

எதைச் சொன்னாலும் அன்றைக்கு அய்யாவிடம் சொன்னதைச் சொல்ல வேண்டிவரும். சொல்லிவிட்டால் தனக்கு லேசாகும், அவனுக்குத்தான் பாரம் ஏறும். இப்போது அவன் படிக்க வேண்டிய நேரம்.

பூமிநாதன் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "வாக்கப்பட்ட எடம் பெருசாயிருச்சு. அண்ணனுக்கு ஒதவ நேரமில்ல. நல்லாருங்க," என்றான். தங்கச்சியைப் பன்மையில் பேசியது அன்றைக்குத்தான்.

அந்தப் பொங்கலுக்குச் சீர் ஐயனார் கையில் வந்தது. ஐயனார் அண்ணன் வீட்டுக்குப் பங்காளி முறை. மச்சான் வரவில்லையா என்று நாகநாதன் கேட்டதற்கு, அவருக்கு டூட்டி முடிந்தால் தேவகோட்டை, தேவகோட்டை விட்டால் டூட்டி, சின்னப் பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து படிக்கிறார் என்று ஐயனார் சிரித்துக்கொண்டே சொன்னான். சின்னத்தாயி கரும்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் அந்தப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பது அவளுக்கு அங்கே நின்று பார்ப்பது போலத் தெரிந்தது. முதல் தடவை பரீட்சை தவறியது. அதையும் ஐயனார்தான் சொன்னான். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை, புருஷன் கேட்டதற்கு வயிற்றுவலி என்றாள். அடுத்த தடவை அண்ணன் பாஸ்.

அதைச் சொல்ல அவனே வந்தான். காக்கிச் சட்டையோடு, கையில் ஒரு லாலா கடை மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து நாகநாதன் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடமேதான் பேசினான். பொட்டலத்தையும் அவர் கையில்தான் கொடுத்தான்.

"ஒங்க வீட்டுக்காரி சொல்லித் தரமாட்டேன்னுட்டா மாப்ள. அதுக்காக நான் நின்னுபோகலயே."

நாகநாதன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

பூமிநாதன் டுடோரியல் கதையைச் சொன்னான். அங்கே இருந்த சார் அடிக்கவே மாட்டாராம். கேள்வியைக் கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்பாராம். பதில் வரும் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாராம். பையன்களெல்லாம் சிரிப்பார்களாம். அவர் அப்படிக் காத்து நிற்க நிற்க இவனுக்கு எது எங்கே வரும் என்று பிடிபட்டுவிட்டது. சொல்லிவிட்டுக் காலை நீவிக்கொண்டான்.

"அய்யா அன்னைக்கே தேவகோட்டைக்கு அனுப்பணும்னாரு மாப்ள. ஏன் விட்டாருன்னு தெரியல. அப்பவே போயிருந்தா ஆலையில உக்காந்து சம்பளம் வாங்கியிருப்பேன். இந்தக் காலும் தப்பிச்சிருக்கும்."

மலையாண்டி காலமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏன் விட்டார் என்று தெரிந்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான். அவள் சாப்பிட இலை போடப் போனாள்.

"எல வேணாம். வண்டி வந்துரும்," என்றான் பூமிநாதன். செம்புத் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு எழுந்தான். அவன் அந்த வீட்டில் கை நனைக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

சின்னத்தாயி அவன் பின்னாலேயே ரோடு வரைக்கும் போனாள். புளியமரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். காரைக்குடி வண்டி தூரத்தில் வருவது தெரிந்தது. அவன் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றான்.

"அண்ணே," என்றாள்.

"என்ன?"

கண்டக்டர் எட்டிப் பார்த்து, பூமிநாதனைக் கண்டு விசிலடித்தார். வண்டி நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவன் அவள் பேசட்டும் என்று பார்த்தான். வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்தார்கள்.

"சாப்புடாமப் போறீக," என்றாள்.

"அதுக்கென்ன, இன்னொரு நாளைக்கு," என்று சொல்லி அவன் ஏறிக்கொண்டான்.