பின்வாசலைத் தட்டவும்

பெரில் ஹோரொக்ஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலைகள் மூடிப்போன ஊர் ஒன்றில், நகராட்சி வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில், புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. கூரை ஒழுகுகிறது, சுவரெல்லாம் பூஞ்சை, வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எரியவில்லை என்று எழுதுகிறவர்களுக்கு மரியாதையாக ஒரு பதில் போக வேண்டும். பத்தொன்பது வருடமாக எழுதிவந்தாள். அந்தப் பதில்கள் எதிலும் எந்த மனிதரும் எதையும் செய்ததாக வராது.

ஆங்கிலத்தில் அதற்கொரு வசதி இருக்கிறது. பையன் ஜன்னலை உடைத்தான் என்பதைப் புரட்டிப் போட்டால் ஜன்னல் முன்னால் வந்துவிடும், பையன் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுவான். கடைசியில் நிற்பவனை வெட்டிவிட்டாலும் வாக்கியம் நொண்டாது. ஜன்னல் உடைக்கப்பட்டது, அவ்வளவுதான். திருடன் யாரென்று தெரியாதபோது சைக்கிள் திருடப்பட்டது என்றுதான் சொல்ல முடியும், அதில் குற்றமில்லை. தெரிந்துகொண்டே ஆளை வெட்டுவதற்குச் சம்பளம் வாங்குவது வேறு சங்கதி.

அந்தப் பேச்சு வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. கணவன் வில்ஃப், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், விடாமல் சீண்டுவான்.

“என்ன பெரில், உருளைக்கிழங்கு கருக்கப்பட்டிருக்கு போல?”

“ஆமா. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடப்படணும்.”

இருவரும் சிரிப்பார்கள். அப்போது அது சிரிப்புதான்.

அந்த ஜனவரியில் ஜெரால்ட் என்ட்விசில் என்ற எண்பத்தொரு வயதுக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பாய்லர் நின்றுவிட்டது, ஆள் அனுப்புங்கள் என்று நீல மையில், கோடு போட்டதுபோல நேரான கையெழுத்து. அடியில் ஒரு வரி: எனக்குக் காது மந்தம், பகலெல்லாம் பின்கட்டுச் சமையலறையில்தான் இருப்பேன், தயவுசெய்து பின்வாசலைத் தட்டவும்.

அந்த வரியே வீண் என்று பெரிலுக்குத் தோன்றியது. இந்தத் தெருக்களில் முன்வாசலை யார் தட்டுவார்கள்? பாதிரியார் வந்தால் திறப்பார்கள், சவப்பெட்டி போகத் திறப்பார்கள். மற்றபடி பால்காரர் முதல் பெற்ற மகள் வரை பின்சந்து வழியாகத்தான். இது ஊருக்கே தெரிந்ததுதானே என்று நினைத்து, பாய்லர் என்று மட்டும் பதிவு செய்துவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் வைத்தாள்.

பழுதுபார்க்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்திருந்ததோ இந்த ஊர் வழக்கம் தெரியாத தெற்கத்திக் கம்பெனி. அவர்கள் ஆள் முன்வாசலைத் தட்டினான். திறக்கவில்லை. மறுவாரமும் அதே கதை. இப்படி மூன்று முறை ஆனால் ‘ஆள் இல்லை’ என்று குறித்து வேலையை மூடிவிடுவது அலுவலக வழக்கம். மூன்றாவது முறை அவன் போன் செய்தபோது, பழுதுவேலைகளைக் கவனிக்கும் மேசைக்காரி விடுப்பில் இருந்ததால் போனை எடுத்தது பெரில்.

“தட்டித் தட்டிக் கை வலிக்குதும்மா. ஒருத்தரும் இல்ல.”

எந்த வாசல் என்று அவள் கேட்டிருக்கலாம். இரண்டே சொல். மணி நாலு, டீ ஆறிக்கொண்டிருந்தது. “சரிப்பா, மூடிடறேன்” என்று சொல்லி மூடிவிட்டாள்.

ஒன்பது நாள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரி பின்வாசல் வழியாக உள்ளே போனாள். என்ட்விசில் கோட்டும் தொப்பியும் போட்டபடி சமையலறை நாற்காலியில் இருந்தார். உயிர் இல்லை. குளிர்தான் கொன்றது என்று டாக்டர் சொன்னார்.

அவர் மகள் லோர்னா கடிதம் போட்டாள். அப்பாவுக்கு என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தாள். அது பெரிலின் மேசைக்குத்தான் வந்தது, வேறு எங்கே போகும்? பெரில் எழுதினாள்: உங்கள் அப்பாவின் கடிதத்தை நான் படித்தேன். பின்வாசல் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வேலையை மூடியது நான்.

அனுப்புவதற்கு முன் மேலதிகாரி பீக் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மகன் வயதுதான் அவருக்கு.

“என்ன பெரில் இது, பாவமன்னிப்பா கேக்கறீங்க? வக்கீல் கையில சிக்கினா உங்க வேலையும் போச்சு, பென்ஷனும் போச்சு. இப்படியெல்லாம் எழுதக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?”

உண்மைதான். அவர் புதிதாக வந்த வருடம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதி முடித்தாள். கோரிக்கை பெறப்பட்டது. வீட்டை அணுக மூன்று முறை முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அதன்பின் வேலை முடித்துவைக்கப்பட்டது. கடிதத்திலிருந்த ஒரு குறிப்பு கவனிக்கப்படவில்லை என்று வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது. எழுதும்போது ஒரு சொல்லுக்குக்கூட அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பத்து நாள் கழித்து லோர்னா நேரில் வந்தாள். பள்ளிக்கூடச் சமையற்கூடத்துச் சீருடை, கையில் அந்தக் கடிதம். பெரில் தானாகவே எழுந்து கவுன்ட்டருக்குப் போனாள். இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வேலை போனால் போகட்டும்.

“எனக்குக் காசு பணம் வேணாங்க. யாருன்னு தெரிஞ்சா போதும். சத்தியமா திட்டமாட்டேன். அப்பா அந்த வரியை எழுதினாரே, அதை யாரு பாத்தாங்க? ஒரு பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா நான் யாரைன்னு நொந்துக்கிறது?”

பெரில் வாயைத் திறந்தாள். நான் என்ற ஒரு சொல்தான் வர வேண்டும்.

“அது… கவனிக்கப்படாம போயிடுச்சும்மா.”

வந்தது அதுதான்.

லோர்னா கவுன்ட்டருக்கு மேலே கையை நீட்டி பெரிலின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க கண்ணு கலங்குதே. நீங்க ஏன் அழுறீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். இந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்தராச்சும் எந்திரிச்சு வந்து பேசினீங்களே, ரொம்ப நன்றி.”

சொல்லிவிட்டு அவள் மழையில் இறங்கிப் போனாள். பெரில் கூப்பிடவில்லை.