முன் வாசலில் வந்து இறங்கிய மச்சான்

வெளியுறவு அமைச்சகத்தில் கார் ஓட்டுகிறவருக்கு வாசல்களை வைத்துத்தான் உலகம் தெரியும். அரசு அங்கீகரித்த நாட்டுக்காரர் வந்தால் முன் வாசல், சிவப்புக் கம்பளம். அங்கீகரிக்காத நாட்டுக்காரர் என்றால் பின் வாசல், சமையலறையை ஒட்டிய நடை. இதற்குப் பெயர் வெளியுறவுக் கொள்கை.

நம் ஓட்டுநரின் மனைவி பிறந்த மண் பின் வாசல் வகை. பக்கத்து நாட்டுப் படை அதை வளைத்துப் பிடித்து ஒரு தலைமுறை ஆகிறது. "சட்டவிரோத ஆக்கிரமிப்பு!" என்று அமைச்சர் மேடையில் கண் கலங்குவார், இறங்கியதும் ஆக்கிரமித்தவனோடு எண்ணெய் ஒப்பந்தம் பேசுவார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு இவரிடம் பாடம் படிக்கலாம்.

அந்த மண்ணின் விடுதலை இயக்கத்துப் பிரதிநிதி ஒருநாள் பேச்சுவார்த்தைக்கு வந்தார். வந்தவர் ஓட்டுநருடைய மனைவியின் சொந்த அண்ணன். அவரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும் வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

அன்று காலையில் மனைவி ஓட்டுநரின் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே சொன்னாள்: "எங்கண்ணனைப் பாத்திரம் கழுவுற வழியா கூட்டிட்டுப் போனீங்கன்னா, நீங்களும் இந்த வீட்டுக்குப் பின் வாசல் வழியா வாங்க."

"நம்ம ஃபிளாட்டுக்கு ஒரே வாசல்தானேம்மா?"

"அது உங்க பாடு."

மச்சான் பின் இருக்கை வேண்டாமென்று முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். "எந்த வாசல் மாப்ளே?" என்று சிரித்தார். பாவம், எல்லா ஊர்ப் பின் வாசலும் பார்த்த மனிதர்.

"அந்தக் கவலை உங்களுக்கெதுக்கு மச்சான்?" என்றார் ஓட்டுநர். வண்டியை முன் வாசலுக்கே விட்டார்.

காவலாளி அந்தக் காரைப் பார்த்தாலே சல்யூட் அடித்துப் பழகியவர். உள்ளே யார் என்று பார்ப்பது அவர் வழக்கமில்லை. கதவு திறந்தது. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். மதியத்துக்குள் பக்கத்து நாட்டுத் தூதர் போனில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

அதிகாரி ஓட்டுநரைக் கூப்பிட்டுக் குழைந்தார். "வழி தவறிடுச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. கொள்கையும் தப்பிச்சிரும், உன் வேலையும் தப்பிச்சிரும்."

"தெரிஞ்சேதாங்க வந்தேன். அவரு நம்ம விருந்தாளி."

அன்றே கார் சாவி கைமாறியது. அமைச்சகத் தோட்டத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டச் சொன்னார்கள். சம்பளத்திலும் கை வைத்தார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

"லாரிதானேம்மா, அதுக்கா அழற?" என்று பதறினார்.

"அதுக்கில்லீங்க. எங்களுக்காகப் பேசாத நாடு இல்ல. எங்களுக்காக எதையாவது இழந்த ஒரு ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."